நான்கு வருஷம், ஐந்து பின் டயர்: சுவா சூ காங்கிலிருந்து செஸ்நட் வரை

முதலில் என் மலைச்சைக்கிளின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், எந்த டயர், எந்த பிரேக் என்கிற சண்டையைப் பிறகு பார்க்கலாம். சிங்கப்பூரில் நான்கு வருஷம், 4,600 கிலோமீட்டர். பின் டயர் ஐந்து, முன் டயர் மூன்று. பிரேக் பேட் (ரோட்டர் என்கிற சக்கரத் தட்டைக் கவ்வுகிற துண்டு) பின்னால் ஒன்பது ஜோடி, முன்னால் நான்கு. எல்லாவற்றையும் மகளின் பழைய பள்ளி நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் அதற்குச் 'சைக்கிள் ஜாதகம்' என்று பெயர். வண்டி சாதாரண அலுமினியச் சட்டம், 29 அங்குலச் சக்கரம், முன்னால் மட்டும் 120 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன். என் எடை 78 கிலோ, பிராட்டா தின்ற ஞாயிற்றுக்கிழமைகளில் 79.

அந்தப் பிராட்டாக் கடைதான் எங்கள் நாடாளுமன்றம். புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு காப்பிக்கடை மூலையில் நாலைந்து சேற்றுக்கால்கள் உட்கார்ந்து தே தாரிக்கை ஆற விட்டு டயரைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தால் அது நாங்கள்தான். ஒரு பக்கம் ஜூரோங் அண்ணன். கப்பல் பட்டறையில் இருபது வருஷம் ஸ்பேனர் பிடித்த கை. 2010 இளையர் ஒலிம்பிக்கில் சைக்கிள் போட்டிகள் நடந்த தெம்பனிஸ் பைக் பார்க்கில், அது 2014ல் மூடப்படும்வரை வாராவாரம் உருண்டவர். அவர் கட்சி: பேடை அழுத்த இரண்டு பிஸ்டன் உள்ள பிரேக், 2.25 அங்குல டயர், அதற்கு மேல் போவது பணத்திமிர். எதிரில் எங்கள் தம்பி, பாலிடெக்னிக் முடித்துத் தேசிய சேவைக்குக் காத்திருந்த காலத்திலிருந்தே கனடாவின் விஸ்லர் மலையில் ஆட்கள் பறக்கிற காணொளிகளைப் பார்த்து வளர்ந்தவன். நான்கு பிஸ்டன், 203 மில்லிமீட்டர் ரோட்டர், 2.5 அங்குல டயர் இல்லாதவனை அவன் மனிதனாகவே மதிப்பதில்லை.

"டேய், இந்த நாட்டோட உச்சியே 164 மீட்டர்டா. அதுலயும் உன்ன சைக்கிள்ல ஏற விடமாட்டாங்க. எதுக்குடா உனக்கு நாலு பிஸ்டன்?" என்பார் அண்ணன்.

"அண்ணே, உயரம் கணக்கில்ல. ஈர வேருக்கு நம்ம ஊர் விஸ்லருக்குக் குறைஞ்சதா?"

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருந்தது. இரண்டையும் என் காசில் சோதித்துப் பார்த்த இளிச்சவாயன் நான்.

வண்டியோடு வந்த டயர் 900 கிலோமீட்டரில் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதாகத் தம்பி பேச்சைக் கேட்டு முன்னும் பின்னும் மென்மையான ரப்பர் போட்டேன். முன்னால் மாக்சிஸ் மினியன் டிஎச்எஃப் 2.5, பின்னால் அதே மென்மையில் இன்னொன்று. செஸ்நட் பூங்காவின் தடத்தில் முதல் சுற்றிலேயே வித்தியாசம் தெரிந்தது. மழைக்கு மறுநாள், குறுக்கே கிடந்த வேரின் மேல் முன்சக்கரம் ஏறும்போது பழைய டயர் என்றால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். இது அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு இறங்கியது. அன்றைக்குப் பிராட்டாக் கடையில் என் வாய் ஓயவில்லை.

சந்தோஷம் நான்கரை மாதம். ஒருநாள் பின் டயரைத் துடைக்கும்போது விரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. நடுவரிசைப் பட்டன்கள், அதாவது மண்ணைப் பிடிக்கிற ரப்பர் முட்டுகள், அத்தனையும் தேய்ந்து, கார் டயர் மாதிரி வழவழவென்று இருந்தது. ஓரப் பட்டன்களோ கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே, வார்ப்பு மயிர் கூட உதிராமல். நோட்டைப் புரட்டினால் 700 கிலோமீட்டர்தான்.

காட்டில் தேய்ந்திருந்தால் ஓரமும் தேய்ந்திருக்கும். தேய்த்தது தார்ச்சாலை. சுவா சூ காங்கில் என் அடுக்குமாடி புளோக்கிலிருந்து செஸ்நட் போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. உள்ளே சைக்கிள் தடம் சுமார் எட்டு கிலோமீட்டர், இரண்டு சுற்று அடித்தால் பதினாறு. ஆக, ஒவ்வொரு ஞாயிறும் நான் ஓட்டுவதில் கிட்டத்தட்டப் பாதி, பூங்கா இணைப்புப் பாதையின் தாரிலும் சிமெண்டிலும். வேறு வழியும் இல்லை. எம்ஆர்டி ரயிலில் மடக்கு சைக்கிள் தவிர மற்றதை ஏற்ற முடியாது. கார் வாங்கிப் பின்னால் மாட்டிக்கொண்டு போகலாம் என்றால், சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) விலையைப் பார்த்ததும் அந்த யோசனை தானாகச் செத்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற டயர் விமர்சனத்தில் இந்தப் பதினான்கு கிலோமீட்டர் இருக்காது. அவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் இறக்குகிறவர்கள்.

இதை நான் சொன்னபோது அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அதனால் மூன்றாவது டயர் அண்ணன் கட்சி: ஒல்லியான 2.25, கெட்டி ரப்பர், பக்கச்சுவர் காகிதம் போல. சாலையில் சும்மா சொல்லக்கூடாது, பறந்தது. எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. தப்பு டயர் மேல் இல்லை, அதை நான் கொண்டுபோன இடத்தின் மேல்.

அந்த இடம் புலாவ் உபின். 2008ல் திறந்த கெத்தாம் மலைச்சைக்கிள் பூங்கா. உபின் தீவே கருங்கல் வெட்டி எடுத்த தீவு. தடத்தில் கிடக்கிற சல்லிக்கும் பாறைக்கும் விளிம்பு கத்தி மாதிரி. 400 கிலோமீட்டர் ஓடிய டயர், ஒரு சின்ன இறக்கத்தில் 'புஸ்' என்றது. பக்கச்சுவரில் சுண்டுவிரல் அகலத்துக்கு வெட்டு. டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றியிருந்த, ஓட்டையை அடைக்கிற சீலண்ட் திரவம் வெள்ளையாகப் பீறிட்டு என் கெண்டைக்காலில் கோடு போட்டது. ரப்பர் திரி செருகிப் பார்த்தோம், பக்கச்சுவரில் அது நிற்காது. டியூப் கையில் இருந்தது. ஆனால் அந்த வெட்டை உள்ளிருந்து மறைக்காமல் டியூப் போட்டால், காற்றடித்ததும் டியூப் அதன் வழியே பிதுங்கி வெடிக்கும்.

அண்ணன் பர்ஸைத் திறந்து ஊதா நிற 2 வெள்ளி (டாலர்) நோட்டு ஒன்றை எடுத்து, நான்காக மடித்து, வெட்டுக்கு உள்பக்கம் வைத்தார். நம்ம ஊர் 2 வெள்ளி நோட்டு 2006 முதல் பாலிமரில் வருகிறது. காகிதமாக இருந்திருந்தால் சீலண்ட் ஈரத்தில் ஊறிக் கிழிந்திருக்கும். டியூபை உள்ளே திணித்து, அழுத்தத்தைக் குறைவாக வைத்து, படகுத்துறை வரை மெதுவாக ஓட்டி வந்தேன். சாங்கிக்குத் திரும்பும்போது வெட்டின் வழியே நோட்டிலிருந்த முதல் அதிபரின் நெற்றி கொஞ்சம் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. முன்னால் மென்மை, பின்னால் கெட்டி. சாலையில் எடையைச் சுமப்பதும் மிதிக்கிற விசையை வாங்குவதும் பின்சக்கரம், அதனால் அது தேயும். வளைவில் வழுக்கினால் நம்மைக் கீழே தள்ளுவது முன்சக்கரம், அது பிடித்தாக வேண்டும். பின்னால் மாக்சிஸ் ரீகான் 2.4 போட்டேன். பட்டன் குட்டை, நெருக்கம், சாலையில் இழுக்காது. முதலாவது 1,400 கிலோமீட்டர் ஓடியது. இரண்டாவது 1,200 தாண்டி இன்னும் ஓடுகிறது. முன்னால் மினியன் 2,500 வரை வந்தது, இப்போது ஓடுவது அதன் தம்பி. ரீகானுக்கு ஒரு குறை: களிமண். நம்ம செம்மண் நனைந்தால் குட்டைப் பட்டன்களின் இடுக்கில் அப்பிக்கொண்டு, பத்து மிதியில் டயர் மண் தோசையாகிவிடும். ஆனால் மழை விட்ட கையோடு தடத்தில் இறங்கி அதை உழுது வைக்காமல் இருப்பதே மரியாதை என்பதால், அந்தக் குறை எனக்குப் பெரிதாகப் படவில்லை.

காற்றழுத்தம்: காட்டில் முன்னால் 21 பிஎஸ்ஐ, பின்னால் 24. சாலையில் இதே அழுத்தத்தில் போனால் வண்டி சகதியில் போவது போல் இருக்கும், பட்டன்கள் மடங்கி வேரோடு கிழியும். அதனால் வீட்டிலிருந்து 30ல் கிளம்பி, பூங்கா வாசலில் 'உஸ்' என்று இறக்கி, திரும்பும்போது கைப்பம்பில் அடித்து ஏற்றுகிறேன். தம்பி இதைக் கிழவன் வேலை என்கிறான். அவன் பின் டயர் எத்தனை மாதம் வருகிறது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

சீலண்டைப் பற்றி ஒரு வார்த்தை. சில மாதம் தாங்கும் என்று பாட்டிலில் போட்டிருக்கும். என் வண்டி நிற்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு நடைபாதையில், ஆள் போக 1.2 மீட்டர் வழி விட்டு, சுவரோடு ஒட்டி. மாலை வெயில் நேராக அதன் மேல்தான் விழும். ஆறாவது வாரம் சக்கரத்தைக் குலுக்கினால் சத்தமே வராது. திறந்து பார்த்தால் திரிந்த பால் மாதிரி உருண்டை உருண்டையாக. இப்போது மாதம் ஒருமுறை வால்வு வழியாக ஊசிக்குழாயில் 40 மில்லி ஏற்றுகிறேன். டயரைக் கழற்றுவதில்லை.

இனி பிரேக். இங்கே இன்னும் அசடு வழிந்திருக்கிறேன்.

வண்டியோடு வந்தது ஷிமானோ எம்டி200, இரண்டு பிஸ்டன், 160 ரோட்டர். உள்ளே ரெசின், அதாவது பிசின் கலவையில் செய்த, பேட். முதல் டிசம்பர் மழையில் பின் பேட் மூன்றே வாரத்தில் தீர்ந்தது. சேற்றில் இருக்கிற மணல், பேடுக்கும் ரோட்டருக்கும் நடுவே உப்புத்தாள் வேலை செய்கிறது. ரெசின் மென்மை, கரைந்துவிடும். உடனே உலோகப் பேட் வாங்கி மாட்டினேன். ரோட்டரில் பொடி எழுத்தில் 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்திருந்ததை, அது வரிவரியாகக் கீறிப்போன பிறகுதான் படித்தேன். மலிவு ரோட்டரின் எஃகு உலோகப் பேடைத் தாங்காது. அந்தச் செலவு முழுக்க என் கண்ணுக்கு.

பிறகு தம்பி கட்சிக்குத் தாவி ஷிமானோவின் டியோரே நான்கு பிஸ்டன் பிரேக் வாங்கினேன். முன்னால் 203, பின்னால் 180. ஒரு விரல் வைத்தால் நிற்கும். நிற்பது மட்டும் போதாதே, எவ்வளவு நிற்க வேண்டும் என்று விரலால் சொல்ல முடிய வேண்டும். அந்த வசதி நான்கு பிஸ்டனில் நன்றாக இருக்கிறது, இதில் தம்பிதான் சரி. ஈர வேரில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், பூட்டப்போகிற ஓரத்தில் வைத்து இறங்கலாம். ஆனால் 203 எனக்கு அதிகம். ஆல்ப்ஸில் கால் மணி நேரம் இறங்கினால் ரோட்டர் சூடாகும், பெரிய தட்டு வேண்டும். எங்கள் நீண்ட இறக்கம் ஒரு நிமிடம் வராது. சூடாவதற்குள் ஏற்றம் வந்துவிடும்.

அந்தப் பெரிய தட்டுக்கு முடிவு கட்டியதும் உபின் படகுதான். 12 பேர் சேர்ந்ததும் புறப்படுகிற சின்னப் படகில் சைக்கிள்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து வைப்போம். யாருடைய பெடலோ என் ரோட்டரில் ஊன்றி, இறங்கும்போது 'சிங்... சிங்...' என்று கோயில் ஜால்ரா. ஸ்பேனரால் பிடித்து நிமிர்த்தினேன், பாதிதான் நிமிர்ந்தது. அடுத்த மாதமே முன்னாலும் 180க்கு வந்துவிட்டேன். 78 கிலோவுக்கு அது தாராளம். 95 கிலோ ஆள் என்றால் 203ஐ வைத்துக்கொள்ளட்டும்.

பிரேக்குக்குள் ஊற்றுகிற எண்ணெய் பற்றிய விவாதம் எங்கள் கடையில் மூன்று ஞாயிறு ஓடியது. தம்பியின் நண்பன் ஒருவன் வண்டியில் டாட் திரவம், எங்களுடையதில் மினரல் எண்ணெய். டாட் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், உள்ளே கொதித்தால் பிரேக் பிடிக்காது. டாட் 5.1 புதிதாக இருக்கையில் குறைந்தது 260 டிகிரியில் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறினால் 180 டிகிரி வரை இறங்கலாம் என்பது தரவிதி. "நம்ம ஊர்க் காத்துல துண்டே காயாது, அதுல இது எப்படிடா?" என்றார் அண்ணன். மினரல் எண்ணெய் ஈரம் உறிஞ்சாது, ஆனால் எப்படியாவது உள்ளே போன நீர் கலக்காமல் தாழ்வான இடத்தில், அதாவது பிஸ்டன் இருக்கிற காலிப்பரில், போய்த் தேங்கும் என்று தம்பி திருப்பியடித்தான். நீர் கொதிப்பது 100 டிகிரியில். இரண்டுமே சரியான பாடம். ஆனால் கொதிக்க வைக்கிற இறக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டதும் இருவரும் என்னை முறைத்தார்கள். எனக்கு வேறொன்றுதான் முக்கியம்: மினரல் எண்ணெய் சிந்தினால் பெயிண்ட் உரியாது, சமையலறைத் தரையில் வைத்து நானே மாற்றலாம். டாட்டையே பல வருஷம் பிடித்திருந்த ஸ்ராம் நிறுவனமும் 2022ல் டிபி8, 2024ல் மேவன் என மினரல் பக்கம் வந்துவிட்டதை அண்ணன் இன்றுவரை தன் சொந்த வெற்றியாகக் கொண்டாடுகிறார்.

இப்போதைய ஏற்பாடு: பின்னால் உலோகப் பேட், முன்னால் ரெசின். பின்பக்கம்தான் சேற்றைக் குடிக்கிறது, அங்கே உலோகம் ஐந்து மாதம் வருகிறது. ஈரத்தில் யானை பிளிறுகிற சத்தம் வரும். டெய்ரி ஃபார்ம் பூங்காப் பக்கம் நடக்கிற ஆண்ட்டிகள் அதைக் கேட்டே ஒதுங்கிக்கொள்கிறார்கள், மணி வாங்கிய காசு வீண். பேட் 0.5 மில்லிமீட்டர் வந்தால் மாற்றச் சொல்கிறது ஷிமானோ. கண்ணால் அதை அளக்க முடியாது, நான் ஒரு மில்லிமீட்டரிலேயே தூக்கிவிடுகிறேன். ஒன்பது ஜோடியில் ஒன்று தேயாமலே செத்தது. புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று சங்கிலிக்கு எண்ணெய் ஸ்பிரே அடித்தேன், காற்று அதைத் திருப்பி ரோட்டரில் அடித்தது. ஆல்கஹாலில் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, கடைசியில் அடுப்பில் வாட்டியும் பார்த்தேன். வீடு முழுக்க நாற்றம் வந்ததே தவிர பிரேக் வரவில்லை. அன்றிலிருந்து சொட்டு எண்ணெய் மட்டும்.

போன வாரம் பழைய டயர்களை வீசலாம் என்று எடுத்தபோது அந்த உபின் டயர் கைக்கு வந்தது. உள்ளே 2 வெள்ளி நோட்டு அப்படியே இருக்கிறது, சீலண்ட் காய்ந்து தகடு மாதிரி ஒட்டிப்போய். படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "உரிச்சு எடுத்துட்டு வா. ஞாயித்துக்கிழமை பிராட்டாவுக்கு அதைத்தான் குடுக்கப் போறேன்" என்று பதில் வந்தது. கடைக்காரர் வாங்குவாரா என்பதில் தம்பிக்கும் அவருக்கும் இப்போதே பந்தயம்.