பழைய வீடுகளில் பேய்க்கதை தேடிப் போகிறவர்கள் கவனத்துக்கு

பேய்க்கதைத் தொகுப்பு ஒன்றுக்காகப் பழைய மாளிகைகளைச் சுற்றி வருகிறேன். இதே வேலையில் இறங்கியிருப்பவர்கள் யாரிடமும் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

'எழுத்தாளர்களுக்கான தனிச் சுற்று' என்று சொல்லி ஓர் ஏற்பாட்டாளர் என்னிடம் முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். பொதுமக்களுக்குத் திறக்காத அறைகள், குடும்பக் கடிதங்கள், தலைமுறையாக அங்கே இருக்கும் காவலாளியுடன் பேச்சு, எல்லாம் உண்டு என்றார். போய்ப் பார்த்தால் மாடி முழுக்கப் பூட்டு. மராமத்து நடக்கிறதாம். காவலாளியோ வேலைக்குச் சேர்ந்தே சில மாதங்கள்தான் ஆகிறது என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை.

கடிதத்தில்தான் குட்டு உடைந்தது. 1897 என்று தேதியிட்ட பழுப்புத் தாள், பிளாஸ்டிக் உறைக்குள். திருப்பிப் பார்த்தேன். எழுத்து அழுந்திய தடம் பின்பக்கம் வரிவரியாகப் புடைத்திருந்தது. மை எங்கும் கசியவில்லை. வளைவுகளில் பால்பாயிண்ட் பேனா விட்டுப்போகும் குட்டிக் குட்டி மைப்பொட்டுகள். அந்தப் பேனாவுக்கு லாஸ்லோ பீரோ காப்புரிமை கோரியதே 1938-இல்! கேட்டதும் "இது நகல்" என்றார் ஏற்பாட்டாளர். அசல் எங்கே என்றால் பதிலில்லை.

சொன்ன கதையாவது அந்த வீட்டுடையதா? அதுவும் இல்லை. காது அறுக்கப்பட்ட வேலைக்காரப் பெண், விஷம் கலந்த கேக், செத்துப்போன பிள்ளைகள். அமெரிக்காவின் லூசியானாவிலுள்ள மிர்ட்டில்ஸ் மாளிகையில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் குளோயி கதையேதான், பெயர் மட்டும் வேறு. அந்த மூலக்கதைக்கே ஆதாரம் கிடையாது. குளோயி என்று ஓர் அடிமைப் பெண் அங்கே இருந்ததற்குப் பதிவில்லை. விஷத்தில் இறந்ததாகச் சொல்லப்படும் தாயும் பிள்ளைகளும் 1823, 1824-இல் மஞ்சள் காய்ச்சலில் போனவர்கள். அங்கே நிச்சயமாக நடந்த கொலை 1871-இல் வில்லியம் விண்டர் சுடப்பட்டது ஒன்றுதான்.

எனக்கு வயிறு எரிவது பணத்துக்காக மட்டுமல்ல. இப்படி ஒரு கதை அச்சேறிவிட்டால், அடுத்து எழுதுகிறவர் நம் புத்தகத்தையே ஆதாரமாகக் காட்டுவார். அந்த வீட்டில் உண்மையாகவே வாழ்ந்து செத்தவர்களின் கதை அடியில் புதைந்துபோகும். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள, பேய் வீடு என்று பேர்பெற்ற வின்செஸ்டர் மாளிகையில் எங்கும் போகாமல் நிற்கும் கதவுகளை ஆவிகளின் வேலை என்றே பலரும் எழுதுகிறார்கள். 1906 நிலநடுக்கத்தில் மேல்தளங்கள் சரிந்ததையும், பல இடங்களைச் சீர்செய்யாமல் விட்டதையும் யார் எழுதுகிறார்கள்?

கிளம்பும்போது அந்த ஏற்பாட்டாளர் ஒரு தாளை நீட்டினார்: கேட்ட கதைகளை அச்சிட்டால் தனி அனுமதிக் கட்டணம். கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சுற்றுதான் முடிந்துவிட்டதே" என்று ஒற்றை வரிப் பதில்.

பிறகு உரிமையாளர் குடும்பத்துக்கு எழுதினேன். இப்படியொரு தனிச் சுற்று நடப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆகவே முதலில் உரிமையாளரையோ, வீட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளையையோ நேரடியாகக் கேளுங்கள். எந்த அறை, எந்த ஆவணம், யாருடன் பேச்சு என்பதை எழுத்தில் வாங்குங்கள். யாராவது கொலை, தற்கொலை என்றால் ஆண்டைக் கேட்டு, இறப்புப் பதிவேட்டிலும் அந்தக் காலத்து நாளிதழிலும் தேடுங்கள்.

அட்டையில் கட்டியதால் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். இதேபோல் மாட்டியவர்கள் ரசீதையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் அழித்துவிடாதீர்கள். வங்கியில் முதலில் கேட்டது அவற்றைத்தான்.