தெர்மாகோல் பனியா, பனங்கிழங்கா?

பாம்பனில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த, பெண்கள் குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம். வருடத்துக்கு ஒரு தடவை, குளிர்காலத்தில், ஜெபமும் சாப்பாடும் சிரிப்புமாக ஒரு சாயங்காலம் கூடுவது வழக்கம். இந்த முறை மூன்று யோசனைகள் வந்தன. பங்கு மண்டபத்தில் பஞ்சும் தெர்மாகோலும் வைத்துப் பனி அலங்காரம் செய்வது ஒன்று. தீவின் தெற்கே உள்ள தென்கடல் (மன்னார் வளைகுடா) கரையில் தீ மூட்டிச் சுற்றி உட்காருவது இன்னொன்று. மூன்றாவது, வேன் பிடித்து அருளானந்தர் திருத்தலமான ஓரியூர் போய் வருவது. மூன்றுக்கும் வாதாட ஆள் இருந்தது. ஏற்பாடு என் தலையில் விழுந்ததால் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

முதலில் நம் குளிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாம்பனில் மார்கழி ராத்திரியில்கூடப் பெரிதாகக் குளிராது. சுற்றிலும் கடல், வெப்பத்தை இறங்க விடாது. ஊட்டிக்குப் போனபோது வாங்கின ஸ்வெட்டர் பீரோவில் பாச்சை உருண்டை வாசத்தோடு கிடக்கிறது. நமக்குக் குளிர்காலம் என்றால் வாடைக்காற்று, அடைமழை, தீவின் வடக்கே உள்ள வடகடலின் கொந்தளிப்பு, படகு போகாத நாட்கள், கையில் காசு புரளாத வாரங்கள்.

சரி, பனி அலங்காரம். இளம்பெண்கள் கேட்பது இதைத்தான், காரணமும் இருக்கிறது. ஃபோட்டோ அழகாக வரும். மண்டபத்தில் கூரை, மின்விசிறி, கழிப்பறை எல்லாம் உண்டு. மழை வந்தாலும் கவலையில்லை. முழங்கால் வலிக்காரர்களுக்கு நாற்காலி இருக்கிறது. ஆனால் போன தடவை இதே அலங்காரத்தைச் செய்தவள் நான். கடல் காற்றின் ஈரத்தில் பஞ்சு மூன்று மணி நேரத்தில் நமத்து, சாம்பல் நிறமாகி, துணி துவைத்த நுரை மாதிரி தொங்கியது. தெர்மாகோல் உருண்டைகளைத் தரையில் பரப்பியிருந்தோம். யாரோ ஃபேனைப் போட்டார்கள். அவ்வளவுதான். எண்ணெய் தடவிய பின்னலில், மல்லிகைச் சரத்தில், பட்டுச் சேலை மடிப்பில், சுண்டல் கிண்ணத்தில் என்று ஒட்டாத இடமில்லை. கூட்டிப் பெருக்கினால் துடைப்பத்துக்கு முன்னால் ஓடியது. பாதி வாசல் வழியே பறந்து கடற்கரைக்கே போய்ச் சேர்ந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறுத்தியது. 2019 ஜனவரியிலிருந்து தெர்மாகோல் தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் தடை. தட்டை விட்டுவிட்டு அதையே உருண்டையாக வாங்கி இறைத்திருக்கிறோம்.

பனி வேதத்தில் இல்லையா என்றால் இருக்கிறது. சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட் சபை) குடும்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு மதினி தன் பழைய வேதாகமத்தை எடுத்து ஏசாயா முதல் அதிகாரத்தைக் காட்டினார். பாவம் வெண்மையாகும் என்கிற வசனத்தில் அங்கே பனி என்ற சொல்லே இல்லை, ‘உறைந்த மழை’ என்றிருக்கிறது. மொழிபெயர்த்தவர்களுக்கு நம் சிரமம் தெரிந்திருக்கிறது. இந்த ஊரில் பனி என்றால் விடியற்காலை புல்லில் இருப்பதுதானே. பெத்லகேமும் கடல் மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கு மேலே உள்ள ஊர். எப்போதாவது பனி விழும், ஆனால் அங்கேயும் குளிர்காலம் என்றால் பெரும்பாலும் மழைதான். இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மேல் பஞ்சு ஒட்டுவது எங்கிருந்து வந்த பழக்கமோ, பெத்லகேமிலிருந்து வந்திருக்காது.

கடற்கரை யோசனை என் மனசுக்கு நெருக்கமானது. அதற்காகக் குறைகளை மறைக்கப் போவதில்லை. வாடை அடிக்கும் காலத்தில் வடகடல் பக்கம் மெழுகுவர்த்தி நிற்காது, பேசினால் வாயில் மணல். தென்கடல் பக்கம் அப்படியில்லை. தீவே காற்றுக்கு மறைப்பாக நிற்பதால் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். செலவும் அதிகமில்லை: பனைமட்டை, நாலு பாய், ஒரு டிரம் சுக்குக் காபி. அப்புறம்தான் சங்கடங்கள். இருட்டின பிறகு நாற்பது பெண்களுக்குக் கழிப்பறை எங்கே? மணலில் நடக்க முடியாத ஏழெட்டுப் பாட்டிகளை யார் தூக்கி வருவது? இன்னொன்றும் இருக்கிறது. தை, மாசியில் இந்தக் கரைகளில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். வெளிச்சமும் நடமாட்டமும் இருந்தால் வந்த வழியே திரும்பிவிடும். தீயைச் சுற்றி உட்கார்ந்து படைப்பின் அருமையைப் பாடிக்கொண்டே ஆமையை விரட்டுவது நன்றாக இருக்காது.

ஓரியூரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம். அந்தச் செம்மண்ணைத் தொட்டு நெற்றியில் வைக்கும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கும். ஆனால் ராமநாதபுரம், தேவிபட்டினம், தொண்டி வழியாகப் போய்த் திரும்ப முழு நாளும் வேண்டும். வேன் வாடகை போட முடியாதவர்கள் “அன்றைக்கு வேலை இருக்குக்கா” என்று ஒதுங்கிக்கொள்வார்கள், காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். போனவர்களும் வேனில் தூங்குவார்கள். அது திருப்பயணம், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் தனியாகவே வைத்துக்கொள்ளலாம்.

இடத்தைவிட நாள்தான் பெரிய சிக்கல். டிசம்பரில் வைக்கலாம் என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக்காலம் முழுக்கப் பாடற்குழு ஒத்திகை, குடில் வேலை, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, பலகாரம். இதற்கு நடுவில் இன்னொன்றா? அதுபோக, டிசம்பர் 22 என்று ஒருத்தி தேதியைச் சொன்னதும் பெரியவர்கள் பேச்சு நின்றுவிட்டது. 1964இல் அந்த ராத்திரிதான் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதைப் பார்த்த கண்கள் எங்கள் குழுவில் இன்னும் இருக்கின்றன. மார்கழியில் மேகம் கறுத்தால் அவர்கள் ஜெபமாலையை எடுப்பது அலங்காரத்துக்காக இல்லை.

அதனால் ஜனவரி. கிழமையிலும் கணக்கிருக்கிறது. ராமேஸ்வரம் துறையில் திங்கள், புதன், சனி என்று விசைப்படகு போகிற முறை. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலை கரை பிடிக்கும். மீன் பிரிக்கிறவர்கள் பூசைக்கே பாதி மனசோடுதான் வருவார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என்றால் குளித்து, பூ வைத்து, நிதானமாக வர முடியும். கடற்பாசி எடுக்கப் போகிறவர்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்கள்தான் சம்பாத்தியம், காலண்டரில் அதையும் பார்க்க வேண்டும். இயேசு திருமுழுக்குப் பெற்றதை நினைக்கும் ஆண்டவரின் திருமுழுக்கு ஞாயிறு எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கிறிஸ்துமஸ் காலம் அன்றோடு முடிகிறது, குடில் இன்னும் கலைக்கப்பட்டிருக்காது, மழை அனேகமாக ஓய்ந்திருக்கும், பொங்கலுக்கு முந்திய வாரமாதலால் சந்தையில் பனங்கிழங்கு வந்திருக்கும்.

கடைசியில் நான் சொன்ன முடிவு: மண்டபம், ஆனால் பனி வேண்டாம். மண்டபத்துக்கு முன்னால் உள்ள முற்றத்தில் சின்னதாக ஒரு தீ. வாசகம் விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் 27, 28ஆம் அதிகாரங்கள். பவுல் போன கப்பலை அலைக்கழித்தது வடகிழக்கிலிருந்து அடித்த காற்று, அதாவது நம் வாடை. கப்பலில் 276 பேர். மால்தா தீவில் கரை ஒதுங்கியபோது மழையும் குளிருமாக இருந்ததால் ஊர்க்காரர்கள் தீ மூட்டி எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். குளிர்காலம் முடியும்வரை மூன்று மாதம் அங்கேதான் தங்கினார்கள். கரை வராத படகுக்காக ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல ஆள் தேவையில்லை. பவுல் பொறுக்கிய சுள்ளியிலிருந்து பாம்பு வந்தது. எங்கள் பனைமட்டையில் தேள் இருக்கும், தட்டிவிட்டுப் போட வேண்டும்.

அலங்காரத்துக்குக் குருத்தோலை நட்சத்திரங்கள். ஒரு பாட்டி உட்கார்ந்தால் பேசிக்கொண்டே இருபது முடைந்துவிடுவார். நமத்துப் போகாது, பறக்காது, மறுநாள் அடுப்பெரிக்கலாம். பலகாரம் மட்டும் இழுபறியாகவே இருக்கிறது. கேக் இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ் என்று ஒரு கட்சி, கீழக்கரை தொதல் வாங்கலாம் என்று இன்னொரு கட்சி. என் ஓட்டு மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த பனங்கிழங்குக்கு. தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுநரம்பை உருவி எறிந்துவிட்டு, நாரை வாயில் இழுத்துக்கொண்டே பேசுகிற பேச்சு கேக்கோடு வராது.

கேக் கட்சி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சின்னதாக ஒன்று வெட்டலாம், ஆனால் மேலே தேங்காய்த்துருவல் தூவி அதுதான் பனி என்று சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.