வீட்டுக்காரர் கணக்கா, நம் கணக்கா? வேலூரில் கோ-ஹோஸ்ட் ஆகும் முன்

வேலூரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை நாள் வாடகைக்கு விடலாமா என்று இப்போது யாரும் அதிகம் யோசிப்பதில்லை. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிக் குடும்பங்கள், விஐடி பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருகிறவர்கள் என்று ஏதோ ஒரு கூட்டம் வந்துகொண்டேதான் இருக்கிறது. வீட்டுக்காரர் வெளியூரில் இருந்து, பார்த்துக்கொள்வது நாம் என்றால்தான் யோசிக்க வேண்டியது வருகிறது: நாள் வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தளத்தில் வீடு யார் கணக்கில் ஏற வேண்டும்? அவர் கணக்கில் ஏற்றி, அவருக்காக நடத்திக்கொடுக்கும் கோ-ஹோஸ்டாக நாம் சேர்வது ஒரு வழி. வீட்டை நாமே வாடகைக்கு எடுத்து, நம் கணக்கில் போட்டு நடத்துவது இன்னொன்று.

சத்துவாச்சாரியில் இருக்கும் மாமாவின் வீட்டுக்கு நான் முதல் வழியைத்தான் எடுத்தேன். அவர் கோவையில் மகளோடு இருக்கிறார். இரண்டாவது வழியில் காட்பாடி காந்தி நகரில் நண்பர் ஒருவர் நடத்துகிறார். அதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தது, அவரிடம் கேட்டது. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆப் எதுவும் வேண்டாம், ஆட்டோக்காரரிடமும் புரோக்கரிடமும் சொல்லி வைத்தால் போதும் என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது பாபு ராவ் தெரு லாட்ஜ்களோடு மோதுகிற வேலை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் லாட்ஜோடு, நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீடு விலையில் போட்டி போட முடியாது. நம்மிடம் இருப்பது சமையலறையும் இரண்டு அறையும் சத்தமில்லாத தெருவும். அதைத் தேடுகிறவர்கள் படம் பார்த்து, முன்பே புக் செய்துவிட்டு வருகிறார்கள்.

படம் எடுப்பது, துணி துவைப்பது, சாவி கொடுப்பது எல்லாம் இரண்டு வழியிலும் ஒரே வேலைதான். லாபக் கணக்கும் எளிது. சொந்தக் கணக்கில் நடத்தினால் நல்ல மாதத்தில் மிஞ்சுவது முழுக்க நமக்கு, காலி மாதத்தில் வாடகை நம் கையிலிருந்து. துர்கா பூஜை சமயத்தில் வங்காளக் குடும்பங்கள் வருவது குறைகிறது என்கிறார் நண்பர். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு பங்களாதேஷிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தியா விசா கொடுப்பது சுருங்கியதில் அவருக்கு நல்ல அடி. எனக்கு வரவில் 20 சதவீதம்தான், ஆனால் கையை விட்டுப் போவது எதுவும் இல்லை.

இதையெல்லாம் விட முக்கியமானது, பணம் யாருடைய பான் எண்ணில் விழுகிறது என்பது. ஆரம்பத்தில் மாமாவே, "ஏம்ப்பா, எல்லாத்தையும் உன் பேர்லயே போட்டுக்கோயேன், எனக்கு எதுக்கு இந்தத் தொல்லை? என் பங்கை மாசா மாசம் அனுப்பிடு" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆடிட்டர்தான் நிறுத்தினார்.

ஒரு பேச்சுக்கு, வீடு மாதம் 40,000 ரூபாய் ஈட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். என் பங்கு 8,000. லிஸ்டிங், அதாவது தளத்தில் வீட்டுக்குப் போடும் பதிவு, என் கணக்கில் இருந்தால் 40,000 முழுவதும் என் வரவாகத்தான் வருமான வரித்துறைக்குத் தெரியும். மாமாவுக்குக் கொடுத்த 32,000 ரூபாயைச் செலவாகக் காட்ட ஒப்பந்தமும் வங்கிப் பரிமாற்றமும் வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்தால் கதை முடிந்தது. ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் நம் வரவிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிடிஎஸ் 2024 அக்டோபரிலிருந்து 0.1 சதவீதம்தான். பான் கொடுத்த தனிநபருக்கு ஆண்டு வரவு 5 லட்சத்தைத் தாண்டாதவரை அதுவும் கிடையாது. மேலே சொன்ன வீடு ஆண்டுக்கு 4.8 லட்சம், மாமாவின் பெயரில் அது வரம்புக்குள் அடங்கிவிடும்.

ஒரு வீட்டோடு நின்றால் இதைச் சமாளிக்கலாம். ஆனால் ஒரு வீடு நன்றாக ஓடினால் பக்கத்துத் தெருக்காரரும் சாவியை நீட்டுவார். அப்படி ஐந்து வீட்டை என் கணக்கிலேயே ஏற்றினால் ஆண்டு வரவு 24 லட்சம். ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்ச வரம்பு தாண்டிவிட்டது. உண்மையில் என் கையில் நின்றது 4.8 லட்சம்தான், ஆனால் வரம்புக்குக் கணக்கில் எடுப்பது மொத்த வரவை, என் பங்கை அல்ல. அதுவரை தளமே வசூலித்துக் கட்டிவந்த ஜிஎஸ்டி, அதன்பிறகு ரிட்டர்னோடு என் தலையில். அதே ஐந்து வீடும் ஐந்து வீட்டுக்காரர்களின் கணக்கில் இருந்து நான் கோ-ஹோஸ்டாக மட்டும் இருந்தால், என் வரவு என் பங்குதான். நண்பர் இப்போது மாட்டிக்கொண்டிருப்பது அந்த 20 லட்ச வரம்பில்தான்.

பெயர் இன்னும் இரண்டு இடத்தில் இடிக்கும். வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் கொடுக்க வேண்டும். நம் ஊரில் 'சி ஃபார்ம்' என்றே பழகிவிட்டது. அதற்கு வீட்டின் விவரங்களைக் கொடுத்துப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் பெயரிலேயே எல்லாம் இருந்தால் கேள்வி குறைவு. அப்புறம், வாடகைக்கு எடுத்த வீட்டை நாள் வாடகைக்கு விடுவது உள்வாடகை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி அதற்கு வீட்டுக்காரரோடு தனியாகத் துணை ஒப்பந்தம் எழுத வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

கோ-ஹோஸ்ட் வழியிலும் குறை உண்டு. ராப்பகலாக உழைத்து வாங்கும் நல்ல ரிவ்யூ எல்லாம் மாமாவின் லிஸ்டிங்கில்தான் நிற்கிறது. நன்றாக நடத்துகிறவர்களுக்குத் தளம் கொடுக்கும் 'சூப்பர் ஹோஸ்ட்' பட்டமும் லிஸ்டிங் யாருடையதோ அவருக்குத்தான். அவர் நினைத்தால் ஒரே நாளில் என்னை நீக்கிவிடலாம். மாமா என்பதால் நான் கவலைப்படவில்லை. வேறு ஆளாக இருந்திருந்தால் இரண்டு மாத முன்னறிவிப்பு என்று எழுதி வாங்கியிருப்பேன்.

இந்த வழியில் போகிறவர்கள் வீட்டுக்காரரின் பாஸ்வேர்டை வாங்கி உள்ளே போகாதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஓடிபி அவர் போனுக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். உங்களுக்கென்று தனிக் கணக்கு திறந்து, கோ-ஹோஸ்டாக அழைக்கச் சொல்லுங்கள். அதில் காலண்டர் மட்டும், காலண்டரும் மெசேஜும், முழு அனுமதி என்று மூன்று படி இருக்கிறது. வேலூருக்கு முழு அனுமதிதான் சரி. ஐந்து நாளுக்கு வந்தவரை டாக்டர் இன்னொரு டெஸ்ட் எழுதி, ரிசல்ட் வாங்கிக்கொண்டு போகச் சொல்வார். "இன்னும் ஒரு வாரம் இருக்கலாமா, கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று அவர் கேட்கும்போது கோவைக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது. முழு அனுமதி இருந்தாலும் மாமாவின் வங்கி விவரமும் வரி விவரமும் நமக்குத் தெரியாது. அது அவருக்கும் நிம்மதி. நீட்டிக்கும் நாட்களுக்கு ரொக்கமாகத் தருகிறேன் என்பவர்களும் உண்டு. தளத்துக்கு வெளியே வாங்கினால் அந்த நாட்களில் எது உடைந்தாலும் ஏர்பிஎன்பியிடம் கேட்க முடியாது.

பங்கு எதிலிருந்து என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். எங்களுக்குள், வந்த பணத்தில் 20 சதவீதம் எனக்கு. சுத்தம் செய்யும் கட்டணம் தனியாக என்னிடம் வந்து, வேலை செய்யும் அக்காவுக்குப் போகிறது. கரண்ட் பில், இன்டர்நெட், கோடையில் லாரித் தண்ணீர் எல்லாம் மாமாவுடையது. மே மாத வெயிலில் இரண்டு ஏசியும் நாள் முழுக்க ஓடி, இரண்டு மாத பில் ஒன்றாக வரும்போது இதைப் பேச ஆரம்பித்தால் உறவு கசந்துவிடும்.

நண்பரின் வழி யாருக்குப் பொருந்தும் என்றால், போனை எடுக்காத, கணக்கு திறக்கவும் விரும்பாத வீட்டுக்காரர் கிடைத்தவர்களுக்கு, அல்லது இதையே முழுநேரத் தொழிலாக்கி ஜிஎஸ்டியும் கட்டத் தயாராக இருப்பவர்களுக்கு. வாடகை குறைவாகப் படிந்தால் அவர்கள் என்னை விட நிறையவே சம்பாதிப்பார்கள்.