இடுப்புவலி: மாத்திரையா, பயிற்சியா?

குறுவை நடவு தொடங்கிவிட்டால் மன்னார்குடிப் பக்க மருந்துக்கடைகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது: "அண்ணே, இடுப்புக்கு நாலு மாத்திரை குடுங்க." பெரும்பாலும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரைதான். கொஞ்ச நேரத்தில் வலி அடங்கும், மறுநாள் வயலில் இறங்கலாம். அன்றாடக் கூலியை நம்பியிருப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனால் மூன்று மாதம் தாண்டிய வலிக்குக் கணக்கு வேறு. இந்த வகை மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் குனிந்து நடுகிறவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பயிற்சி மெதுவாகத்தான் வேலை செய்யும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவது அதில் ஒன்று. நாள் முழுக்கக் குனிந்தவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், நியாயம்தான். ஆனால் குனிவது வேறு, தசையைப் பலப்படுத்துவது வேறு. நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் தந்த வழிகாட்டுதலிலும் உடற்பயிற்சி உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) வீட்டுக்கே வருகிறது.

என் ஓட்டு பயிற்சிக்கு. வலி தாங்காத நாளில் டாக்டர் சொன்ன மாத்திரை, சரி. கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ இரண்டையும் விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.