சிறிய இணையக் கடைக்கு எந்த பேமெண்ட் கேட்வே? பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

நானும் அக்காவும் காரைக்குடியிலிருந்து கண்டாங்கிச் சேலைகளை இணையத்தில் விற்கிறோம். கொரோனா ஊரடங்கில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, ஜிபேயில் பணம் வாங்கித் தொடங்கினோம். ஆர்டர் கூடியதும் தனி இணையதளம் போட்டு, அதில் பேமெண்ட் கேட்வே, அதாவது வாடிக்கையாளரின் பணத்தை வாங்கி நம் வங்கிக் கணக்கில் சேர்க்கும் சேவையை, இணைத்தோம். இதுவரை இரண்டு நிறுவனங்களுடன் முழுமையாக வேலை செய்திருக்கிறோம். புதிதாகக் கடை தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எதுல கமிஷன் கம்மி?" என்றுதான். கமிஷனைக் கடைசியாகப் பாருங்கள் என்பேன். பணம் எங்காவது சிக்கிக்கொண்டால் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கமிஷன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் பெரும்பாலான கேட்வேக்கள் சிறு வணிகர்களிடம் 2 சதவீதத்தை ஒட்டித்தான் வாங்குகின்றன. அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2,400 ரூபாய் சேலைக்குக் கட்டணம் 48 ரூபாய், வரி 8 ரூபாய் 64 காசு, ஆக 56.64 போகும். இன்னொருவர் 1.8 சதவீதத்துக்குத் தருகிறேன் என்றால் சேலைக்கு ஐந்தரை ரூபாய் சொச்சம் மிச்சம். நூறு சேலை விற்றாலும் அறுநூறு ரூபாய்கூட வராது. தீபாவளி நேரத்தில் ஒரு வாரப் பணம் நின்றுபோனால் ஆகும் சேதத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் அந்த 8.64-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம், மாதாமாதம் கேட்வே தரும் இன்வாய்ஸை மறக்காமல் ஆடிட்டரிடம் கொடுங்கள்.

கமிஷனில் கவனிக்க வேண்டியது வேறொன்று. வாடிக்கையாளருக்கு ரீஃபண்ட் கொடுத்தால் நீங்கள் முழு 2,400-ஐயும் திருப்பித் தருகிறீர்கள். ஆனால் பிடித்த கட்டணம் பொதுவாகத் திரும்பி வராது. அதனால்தான் நாங்கள் நிறம் பிடிக்கவில்லை என்று வரும் சேலைகளுக்கு முதலில் மாற்றுச் சேலை தருகிறோம், வேண்டாம் என்றால் மட்டும் பணம்.

யூபிஐக்குக் கட்டணமே இல்லை என்று ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. 2020 ஜனவரி முதல் யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் (வணிகரிடம் பிடிக்கும் பரிவர்த்தனைக் கட்டணம்) கிடையாது என்பது உண்மைதான். ஆனால் பிளாட்ஃபார்ம் கட்டணம் என்ற பெயரில் சில கேட்வேக்கள் யூபிஐக்கும் வாங்குகின்றன. ஒப்பந்தத்தில் யூபிஐக்கு என்ன என்று தனி வரியாக எழுதி வாங்குங்கள். அப்புறம், ரூபே கிரெடிட் கார்டை யூபிஐ செயலியில் இணைத்துப் பணம் கட்டுபவர்கள் இப்போது நிறைய. ஆர்டரில் யூபிஐ என்று தெரியும், செட்டில்மென்ட் (கேட்வே நம் வங்கிக்குப் பணம் அனுப்புவது) அறிக்கையில் கட்டணம் பிடித்திருக்கும். குழம்ப வேண்டாம், அது கடன் அட்டைப் பரிவர்த்தனை.

சரி, பணம் நின்றுபோன கதைக்கு வருகிறேன். எங்கள் முதல் கேட்வேயில் பதிவு சுலபம், பணமும் இரண்டு வேலைநாளில் வங்கிக்கு வந்துவிடும். ஒரு தீபாவளிக்கு முன் விற்பனை திடீரென்று பல மடங்கானது. மறுநாள் ஒரு மின்னஞ்சல்: "உங்கள் கணக்கு ஆய்வில் உள்ளது, செட்டில்மென்ட் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது." ஆர்டர்கள் வந்துகொண்டே இருந்தன. திரையில் தொகை ஏறியது, வங்கியில் ஒரு ரூபாய் விழவில்லை. நெசவாளர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டிய வாரம் அது. தீபாவளிக்கு முன் நெசவாளி வீட்டில் கூலி தள்ளிப்போவது என்றால் என்ன என்பது அந்தத் தெருவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அக்கா நகையை வைத்துக் கூலி கொடுத்தாள். கேட்வேயில் பேச ஒரு மனிதர் கிடைக்கவில்லை. சாட்பாட், பிறகு டிக்கெட் எண், பிறகு அதே ஆவணங்களை மறுபடி அனுப்பச் சொல்லும் மின்னஞ்சல். பண்டிகை முடிந்த பிறகுதான் பணம் வந்தது.

விற்பனை சட்டென்று ஏறினால் மோசடியோ என்று சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. நாளை வாடிக்கையாளர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டால் கேட்வேதான் பொறுப்பேற்க வேண்டும். வணிகருக்கு இன்னும் செலுத்தாத பணத்தைக் கேட்வே வங்கியில் தனி எஸ்க்ரோ கணக்கில் (வேறு செலவுக்கு எடுக்க முடியாத கணக்கு) வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2020 விதிகள் சொன்னதால் பணம் காணாமல் போகாது என்ற தைரியம் இருந்தது. ஆனாலும் ஆய்வு எத்தனை நாளில் முடியும், யாரிடம் பேசுவது என்று சொல்லவே ஆளில்லாதது என்னால் பொறுக்க முடியாத விஷயம். சிறு வியாபாரி கையில் பத்து நாள் செலவுக்குக்கூடப் பணம் இருக்காது.

இரண்டாவது கேட்வேயைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனதில் வைத்தே தேடினோம். கட்டணப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் அவர்களின் உதவி எண்ணுக்கு ஒரு சனிக்கிழமை மாலை அழைத்துப் பார்த்தோம். ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வெளியிடும் உரிமம் பெற்ற பேமெண்ட் அக்ரிகேட்டர் (வணிகர்களுக்காகப் பணத்தை வாங்கிச் சேர்க்கும் நிறுவனம்) பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று சரிபார்த்தோம். இது சம்பிரதாயமல்ல. 2022 டிசம்பரில் ரேசர்பே, கேஷ்ஃப்ரீ போன்ற பெரிய நிறுவனங்களையே புதிய வணிகர்களைச் சேர்க்க வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி நிறுத்தி வைத்தது. ஓராண்டு கழித்து இறுதி உரிமம் கிடைத்த பிறகுதான் அவை மறுபடி சேர்க்கத் தொடங்கின. இப்போது நாங்கள் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே, "விற்பனை கூடும், போன வருட இன்வாய்ஸ்கள் இதோ" என்று கணக்கு மேலாளருக்கு எழுதிவிடுகிறோம். அதன் பிறகு ஒரு முறையும் பணம் நிற்கவில்லை.

பதிவுக்குப் பான், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி அல்லது உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்று போதும். இணையதளத்தில் ரீஃபண்ட், டெலிவரி, தனியுரிமைக் கொள்கைகளும் முகவரியும் இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பி வரும்.

தினசரி தொல்லை வேறு மாதிரி. "ஏம்மா, பணம் எடுத்துட்டாங்க, ஆர்டர் நம்பர் வரலையே?" என்று ஆச்சிமார்கள் யாராவது அழைப்பார்கள். வங்கி பணத்தைப் பிடித்திருக்கும், அந்தச் செய்தி நம் தளத்துக்கு வந்து சேர்ந்திருக்காது. நல்ல கேட்வே சில நிமிடம் கழித்தாவது வெப்ஹூக் (தானாகத் தகவல் அனுப்பும் வசதி) மூலம் நம் கடைக்குத் தகவல் சொல்லி ஆர்டரை உறுதிசெய்துவிடும். எங்கள் முதல் கேட்வேயின் பிளக்இன் (தளத்தோடு கேட்வேயை இணைக்கும் மென்பொருள்) இதில் அடிக்கடி தவறியது, நானே இரவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பேன். பணம் உண்மையிலேயே தோல்வியடைந்த பரிவர்த்தனையில் சிக்கியிருந்தால், 2019 செப்டம்பர் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி ஐந்து நாளுக்குள் வாடிக்கையாளர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. இதைத் தெளிவாகச் சொன்னாலே பாதிக் கோபம் அடங்கிவிடும்.

வெளிநாட்டு அட்டைகளுக்கு எப்போதும் கட்டணம் கூடுதல், 3 சதவீதமோ அதற்கு மேலோ. பேபால் 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள்ளான பரிவர்த்தனையை நிறுத்திவிட்டது; வெளிநாட்டிலிருந்து பணம் வாங்க இன்றும் பயன்படும், ஆனால் கட்டணமும் நாணய மாற்று வித்தியாசமும் சேர்ந்து கணிசமாகக் கடிக்கும். சிங்கப்பூர், மலேசிய உறவுகள் எங்கள் ஊருக்கு அதிகம் என்பதால் இந்த வசதி எங்களுக்கு அவசியம். உங்கள் வாடிக்கையாளர்கள் உள்ளூர்க்காரர்கள் என்றால் இதை இயக்கவே வேண்டாம்.

காரணம், நம் அட்டைகளுக்கு ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம், பல வெளிநாட்டு அட்டைகளுக்கு அது இல்லை. ஓடிபி இல்லாமல் நடந்த பரிவர்த்தனையை அட்டைதாரர் "நான் செய்யவில்லை" என்று மறுத்தால் நஷ்டம் பெரும்பாலும் கடைக்காரர் தலையில். அமெரிக்காவுக்கு அனுப்பிய சுமார் பத்தாயிரம் ரூபாய் ஆர்டருக்கு இப்படி ஒரு சார்ஜ்பேக் (அட்டைதாரர் வங்கி மூலம் பணத்தைத் திருப்பிக் கேட்பது) வந்தது. சேலைகள் போய்ச் சேர்ந்து பல வாரம் ஆகியிருந்தது. கேட்வே தொகையைப் பிடித்துவைத்து ஆதாரம் கேட்டது. இன்வாய்ஸ், கூரியர் டிராக்கிங், டெலிவரி கையெழுத்து, அந்த அம்மா "கலர் அருமை" என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக அனுப்பினோம். பிறகு அவரிடமே பேசினால், அட்டை அறிக்கையில் எங்கள் கடைப் பெயருக்குப் பதில் பதிவுபெற்ற நிறுவனப் பெயர் இருந்திருக்கிறது. வீட்டுக்காரர் தெரியாத பெயரைப் பார்த்து வங்கிக்குப் புகார் சொல்லிவிட்டார். புகார் திரும்பப் பெறப்பட்டது, பணமும் வந்தது.

அன்றே கேட்வேக்கு எழுதி அறிக்கையில் வரும் பெயரைக் கடைப் பெயராக மாற்றினோம். இதை யாரும் ஆரம்பத்தில் சொல்லித் தருவதில்லை, ஆனால் ஐந்து நிமிட வேலை. புதியவர் ஒருவர் பெரிய வெளிநாட்டு ஆர்டர் போட்டு, அட்டை முகவரி ஓர் ஊரிலும் டெலிவரி முகவரி வேறு நாட்டிலும் இருந்தால், சேலையை மடிப்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை பேசிவிடுகிறோம். உண்மையான வாடிக்கையாளர் யாரும் இதற்காக முகம் சுளித்ததில்லை.

இப்போது இரண்டாவது கேட்வேதான் முதன்மை. பழைய கணக்கையும் மூடவில்லை. முதன்மையில் சர்வர் கோளாறு என்றால் அதற்கு மாற்றிவிடுவோம். வாரம் ஒரு முறை, திங்கள் காலையில், செட்டில்மென்ட் அறிக்கையின் யூடிஆர் எண்களை (ஒவ்வொரு வங்கிப் பரிமாற்றத்துக்குமான தனி எண்) வங்கி அறிக்கையோடு அக்கா ஒப்பிடுவாள். வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவோம்.