அடாஸ் வண்டியில் சில வருடங்கள்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

கார் வாங்கப் போகிற நண்பர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி, "அடாஸ் இருக்கிற டாப் வேரியண்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?" அடாஸ் என்றால், பிரேக், வேகம், ஸ்டியரிங் ஆகியவற்றில் ஓட்டுபவருக்கு வண்டியே துணை செய்யும் வசதிகள். சில வருடங்களாக அப்படி ஒரு வண்டியைச் சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கொடுக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் வண்டி தானாக ஓடும் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை, இந்த விலையில் யாருடைய வண்டியை எடுத்தாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

கொடுத்த காசுக்கு முழுதாக வேலை செய்வது, இடைவெளி பார்த்து ஓடும் க்ரூஸ் கண்ட்ரோல். செங்கல்பட்டு தாண்டியதும் 90-ல் வைத்துவிட்டால், முன்னால் போகிற பஸ் மெதுவானால் இதுவும் மெதுவாகும், பஸ் விலகினால் மறுபடி வேகம் எடுக்கும். பொங்கல் முடிந்து ஊரே சென்னைக்குத் திரும்பும் ராத்திரியில் பரனூரிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்து வரும்போது இதன் அருமை முழங்காலுக்குத் தெரியும். தானியங்கி பிரேக்கும் ஒருமுறை காப்பாற்றியது. பிரேக் லைட்டே எரியாத லோடு ஆட்டோ ஒன்று முன்னால் சட்டென்று நிற்க, என் கால் பெடலுக்குப் போவதற்குள் வண்டி பிரேக் பிடித்திருந்தது.

சிக்கல் அந்த இடைவெளியில்தான் ஆரம்பிக்கிறது. மிகக் குறைந்த இடைவெளியை வைத்தாலும் நம் ஊரில் அதற்குள் ஒரு பைக் நுழைந்துவிடும். நுழைந்த பிறகுதான் வண்டிக்கு அது தெரியும், உடனே அழுத்திப் பிரேக் போடும், பின்னால் வருபவர் ஹாரனிலேயே திட்டுவார். நமக்கோ அந்த பைக்காரர் தோளைச் சாய்க்கும்போதே தெரிந்திருக்கும். அவர் இண்டிகேட்டர் போடவில்லை, கண்ணாடியையும் பார்க்கவில்லை, ஆனாலும் தெரியும். மீடியன் இடைவெளியில் தயங்கி நிற்கும் பாட்டி ஓடப்போகிறாரா நிற்கப்போகிறாரா என்பதும் அப்படித்தான். கேமராவும் ரேடாரும் தூரத்தையும் வேகத்தையும் என்னைவிடத் துல்லியமாக அளக்கின்றன. எதிரில் இருப்பவர் அடுத்து என்ன செய்வார் என்ற ஊகம் மட்டும் அவற்றிடம் இல்லை. ராங் சைடில் விளக்கில்லாமல் வரும் டிராக்டரை நான் இதுவரை வண்டியிடம் விட்டதில்லை.

ராத்திரியில் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ரோட்டோரமாகப் பாதி லேனை அடைத்து நிற்கும் லாரியை இந்த வண்டிகள் வேகத்தில் போகும்போது தவறவிடக்கூடும். ரேடாருக்குப் பாலம், போர்டு, தடுப்புக் கம்பி எல்லாமே அசையாத பொருள்கள்தான். அத்தனைக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓடவே ஓடாது. அதனால் அசையாதவற்றை ஓரளவு ஒதுக்கித்தள்ளும்படிதான் இவற்றை அமைக்கிறார்கள். வண்டியோடு வந்த மேனுவலிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது, யார் படிக்கிறோம்? நம் நெடுஞ்சாலையில் உயிரை வாங்குவதில் இப்படி நிற்கும் லாரிக்கும் பங்கு உண்டு.

லேன் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பும் வசதி வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தால் நன்றாகவே இருக்கிறது. மேம்பால வேலை நடக்கும் இடத்தில் பழைய கோடும் புதுக் கோடும் சேர்ந்தே கிடக்கும், அங்கே பழையதைப் பிடித்துக்கொண்டு இழுக்கும். பெரம்பலூர்ப் பக்கம் ரோட்டோரத்தில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தால் கோடே தெரியாது. ஐப்பசி மழை வலுத்தால் கேமராவை ஏதோ மறைக்கிறது என்று திரையில் எழுதிக்காட்டிவிட்டுக் கழன்றுகொள்ளும். நான் இதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

வண்டி எந்த அளவுக்குத் தானாக ஓடும் என்பதற்கு எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர்கள் அமைப்பு 0 முதல் 5 வரை வகுத்த படிகளில் நம் வண்டிகள் எட்டியிருப்பது 2. ஓட்டுவது அது, பொறுப்பு நம்முடையது. 3-ல் குறிப்பிட்ட சூழலில் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கலாம், வண்டி கூப்பிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மெர்சிடிஸ் 2022-ல் ஜெர்மனியில் இதைக் கொண்டுவந்தபோது நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வரைதான் அனுமதி. 4-ல் டிரைவரே வேண்டாம். கூகுளில் 2009-ல் தொடங்கிய வேமோ 2020-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸிலும், 2024-ல் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் டிரைவர் இல்லாத டாக்ஸியைப் பொதுமக்கள் எல்லாருக்கும் திறந்துவிட்டது. அது நிஜமான சாதனை. ஆனால் அங்குலம் அங்குலமாக வரைபடம் எடுத்த எல்லைக்குள், லேசரால் தூரம் அளக்கும் லைடார் உட்பட ஏகப்பட்ட சென்சார்களோடு, குழம்பினால் கேட்க தொலைவில் ஆள் இருக்கும் ஏற்பாட்டில் அது ஓடுகிறது. என் வண்டிக்கு அடுத்த அப்டேட்டில் வந்து சேரும் சமாச்சாரம் இல்லை.

அங்கேயும் 2023 அக்டோபரில் என்ன நடந்தது? சான் ஃபிரான்சிஸ்கோவில் வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண், ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான க்ரூஸ் என்ற கம்பெனியின் ரோபோ டாக்ஸி முன்னால் விழுந்தார். அது இடித்து நின்றது. அதன் பிறகு, அடியில் ஆள் இருப்பது புரியாமல், ஓரம்கட்டுவதற்காகச் சுமார் 6 மீட்டர் இழுத்துக்கொண்டு போனது. எந்த டிரைவரும் இறங்கிப் பார்த்திருப்பார். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ரோபோ டாக்ஸித் திட்டத்துக்குப் பணம் போடுவதையே நிறுத்திவிட்டது.

டிரைவர்களின் வேலை போய்விடும் என்பதால் இந்தியாவில் ஆளில்லாக் காரை விடமாட்டேன் என்று 2023-ல் சொன்னார் அப்போதைய மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி. 2022-ல் மட்டும் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்தில் இறந்திருக்கிறார்கள். தூங்காத, குடிக்காத டிரைவர் வந்தால் நான் வரவேற்பேன். இப்போதைக்கு எனக்குக் கோபம் கை வைத்திருப்பதாக வண்டியை ஏமாற்ற ஸ்டியரிங்கில் தண்ணீர் பாட்டிலைச் சொருகிவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ரீல்ஸ் எடுப்பவர்கள் மேல்தான்.

வாங்குவதென்றால், இடைவெளி க்ரூஸை நான்கு வழிச்சாலையில் மட்டும் போடுங்கள். தானியங்கி பிரேக்கை ஒருபோதும் அணைக்காதீர்கள். அப்புறம், முன் கண்ணாடி உடைந்தால் மாற்றியதோடு வேலை முடியாது. அதன் பின்னால் இருக்கும் கேமராவைத் திரும்ப அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும், அதற்குத் தனி பில். இன்சூரன்ஸில் அது அடங்குமா என்று பாலிசி எடுக்கும்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.