கேம் பாயா, எமுலேட்டரா? முடிவைச் சொன்னது ஒரு பட்டன் செல்

மதுரை வீட்டு அலமாரியைக் காலி செய்தபோது, பழைய பாடப் புத்தகங்களுக்கு அடியில் நிண்டெண்டோ நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுக் கருவியான எங்கள் கேம் பாய் கலர் கிடைத்தது. உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை வெளியே தெரியும் அந்த ஊதா நிறக் கருவி. 2001 கோடை விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா, எனக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரு கருவியையும், அதில் செருகி ஆடும் ஆளுக்கொரு ஆட்டக் கேசட்டையும் வாங்கி வந்திருந்தார். அவளுக்கு போக்கிமான் ரெட், எனக்கு போக்கிமான் கோல்ட். அந்த ஆட்டங்களில் ஒரு கேசட்டில் ஒருவருடைய ஆட்டத்தை மட்டும்தான் சேமிக்க முடியும். அதனால் இரண்டு கேசட் வாங்கியது மாமாவின் புத்திசாலித்தனம்.

கருவியைத் தட்டி எழுப்பி அதிலேயே ஆடுவதா, கணினியிலும் போனிலும் எமுலேட்டர் வழியாக, அதாவது அந்தக் கருவியைப் போலவே நடிக்கும் மென்பொருள் வழியாக, ஆடுவதா என்ற கேள்வி அன்றே வந்தது. இரண்டையும் போதுமான காலம் ஆடிப் பார்த்துவிட்டேன். இன்று நான் எமுலேட்டர் பக்கம் நிற்கிறேன். பிறர் சொல்லும் வழக்கமான காரணங்களுக்காக அல்ல.

அந்தக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எமுலேட்டருக்குக் காசு இல்லை, இடம் வேண்டாம், ஆட்டத்தை வேகப்படுத்தி ஓட்டலாம், எந்த நொடியிலும் நிறுத்தி எடுத்து வைக்கலாம். அசல் கருவிக்கு மறுவிற்பனை மதிப்பு உண்டு, கையில் பிடிக்கும் சுகம் உண்டு. இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

பொத்தான்களில் அசல் கருவியை வெல்ல ஆளில்லை. நண்பரிடம் இரவல் வாங்கிய டெட்ரிஸ் கேசட்டைப் போட்டு ஆடியபோது, கட்டை விழும் கடைசிக் கணத்தில்கூடத் திருப்ப முடிந்தது. போனின் கண்ணாடியில் அது முடியவில்லை. கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது, பார்ப்பதற்குள் கட்டை இறங்கிவிடுகிறது. பொத்தான்கள் உள்ள புளூடூத் கைப்பிடி (கன்ட்ரோலர்) வாங்கினேன். விரலுக்கும் திரைக்கும் இடையே ஒரு சிறு தாமதம் உறுத்திக்கொண்டே இருந்தது. கம்பி வழியாக இணைக்கும் கைப்பிடிக்கு மாறிய பிறகுதான் நிம்மதி. போக்கிமான் போல முறை மாற்றி முறை ஆடும் ஆட்டத்துக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை.

திரை விஷயத்தில் கதை வேறு. கேம் பாய் கலரின் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில்தான் படம் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து, கருவியை இப்படியும் அப்படியும் சாய்த்து, ஒரு கோணம் கிடைத்ததும் அசையாமல் இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் அது கஷ்டமாகத் தெரியவில்லை. இன்று அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கிறது. அதே 160-க்கு 144 புள்ளிப் படத்தை எமுலேட்டர் பெரிதாக்கிப் பளிச்சென்று காட்டுகிறது. ஆனால் அந்த நிறங்கள் மங்கலான திரையை மனதில் வைத்துத் தீட்டப்பட்டவை. புதிய திரையில் அப்படியே பார்த்தால் கண்ணைக் கூசும். எம்ஜிபிஏ, சேம்பாய் போன்ற எமுலேட்டர்களில் நிறத்தைத் திருத்தும் அமைப்பு இருக்கிறது. அதை முதலில் இயக்கிவிடுங்கள்.

இனி எனக்கு முடிவைச் சொன்ன விஷயம். கோல்ட் கேசட்டைப் போட்டுக் கருவியை இயக்கினேன். நிண்டெண்டோ என்ற எழுத்து வந்தது, இசை வந்தது, பட்டியலும் வந்தது. ஆனால் அதில் 'கண்டினியூ' என்ற வரி இல்லை. 'நியூ கேம்' மட்டும்தான். நான் வளர்த்த ஒரு போக்கிமான்கூட மிஞ்சவில்லை.

காரணம் எளிமையானது. அந்தக் கேசட்டுகளில் ஆட்டத்தின் சேமிப்பு, மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் ஒரு சிப்பில் இருக்கிறது. கருவி அணைந்திருக்கும்போது அந்தச் சிப்புக்கு உயிர் கொடுப்பது கேசட்டுக்குள் பற்றவைத்திருக்கும் ஒரு பட்டன் செல். கோல்டில் இரவு பகல் மாறுவதைக் கணக்கிடும் கடிகாரமும் அதே செல்லில்தான் ஓடுகிறது, அதனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ரெட்டில் கடிகாரம் இல்லை. நடுங்கிக்கொண்டே ரெட்டைப் போட்டேன். 'கண்டினியூ' வந்தது. தங்கையின் பெயர், ஆட்டத்தில் வென்று சேர்த்த ஐந்து பேட்ஜ்கள், அவள் ஆடிய மணிக்கணக்கு, எல்லாம் அந்தச் சிறு கட்டத்துக்குள் இருந்தன.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது ஆண்டைத் தாண்டிய செல் இன்னும் எத்தனை நாள் தாங்கும்? மாற்றலாம் என்றால், பழைய செல்லைக் கழற்றியதுமே சேமிப்பு போய்விடும். கேசட்டைப் படிக்கும் சிறு கருவி ஒன்றைத் தருவித்தேன். யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்து, முதலில் தங்கையின் சேமிப்பை எடுத்தேன். வெறும் 32 கிலோபைட். போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் நூறில் ஒரு பங்குகூட இராது. அதை மூன்று இடங்களில் நகலெடுத்து வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. அப்புறம் 1 மெகாபைட் ஆட்டத்தையும் எடுத்தேன். இரண்டையும் எமுலேட்டரில் ஏற்றினால், ஆட்டத்தில் வரும் ஃபுஷியா நகரத்தில், சஃபாரி ஸோன் என்ற பூங்காவின் வாசலில் அவளுடைய ஆள் நின்றுகொண்டிருந்தான்.

கோப்புகளைத் தங்கைக்கு அனுப்பினேன். இரவு பதினொரு மணிக்கு அழைத்தாள். "அண்ணா, இங்கேதான் பூங்காக் காவலருடைய தங்கப் பல்லைத் தேடித் தேடி முடியாமல் விட்டேன், ஞாபகம் இருக்கிறதா?" அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கு இந்த ஒப்பீட்டில் சந்தேகமே இல்லாமல் போனது.

கோல்டில் இழக்க ஒன்றுமில்லை என்பதால் செல் மாற்றும் வேலையை அதில் பழகினேன். கேசட்டின் திருகாணிக்குச் சாதாரண ஸ்குரூ டிரைவர் பொருந்தாது, 3.8 மில்லிமீட்டர் அளவில் தனி முனை வேண்டும். உள்ளே சிஆர்2025 செல், இரு பக்கமும் தகடு ஒட்டியது. முதல் முறை ஈயம் வைக்கப் பயந்து டேப் சுற்றி ஒட்டினேன். ஒரு வாரத்தில் கேசட் கைதவறி விழுந்தது, சேமிப்பு மறுபடியும் போனது. டேப் வேண்டாம். தகடு வைத்த செல்லாக வாங்கி ஈயத்தால் பற்றவையுங்கள், அல்லது தெரு முனையில் மொபைல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ரெட் போன்ற மற்ற கேசட்டுகளைத் திறந்து, எந்தச் செல் இருக்கிறது என்று பார்த்த பிறகே புதியதை வாங்குங்கள்.

அசல்தான் வேண்டும் என்று இறங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. தங்கைக்காக இன்னொரு கேசட்டை இணையத்தில் பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் வாங்கினேன், போலி வந்தது. அசல் கேசட்டின் லேபிளில் அழுத்திப் பதித்த எண் ஒன்று மங்கலாகத் தெரியும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். வந்ததில் அது இல்லை. அதில் சேமித்ததும் இரண்டு நாள் தங்கவில்லை.

எமுலேட்டரிலும் ஒரு பள்ளம் உண்டு. நினைத்த நொடியில் எடுத்து வைக்கும் 'ஸ்டேட்' கோப்பை மட்டும் நம்பாதீர்கள். எமுலேட்டரின் பதிப்பு மாறினால் அது திறக்காமல் போகலாம். ஆட்டத்துக்குள்ளேயே சேமியுங்கள். அந்தக் கோப்புதான் எமுலேட்டருக்கு எமுலேட்டர் மாறும், திரும்ப அசல் கேசட்டுக்கும் போகும். ஆட்டக் கோப்பை உங்கள் கேசட்டிலிருந்தே எடுங்கள் என்பது என் வேண்டுகோள், ஏனென்றால் கண்ட தளத்தில் இறக்குவது காப்புரிமை மீறல். காசு கொடுத்து வாங்கலாம் என்றால் அந்த வழியும் குறுகிக்கொண்டே போகிறது. 2017 முதல் கோல்டை விற்றுவந்த நிண்டெண்டோ 3டிஎஸ் இணையக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது.

நான் பேசியது கேம் பாய் அனுபவத்தை வைத்து மட்டுமே. டிவியில் இணைக்கும் கன்சோல்களை நான் வைத்திருந்ததில்லை. பழைய குழாய் டிவியில் ஆடும் சுகத்தை அனுபவித்தவர்கள் வேறு முடிவுக்கு வரக்கூடும்.

ரெட் கேசட்டுக்கும் புதிய செல் வைத்து, தங்கையின் சேமிப்பை அதில் திரும்ப எழுதிவிட்டேன். தங்கப் பல் கிடைத்துவிட்டது. இப்போது அவளிடம் ஏழு பேட்ஜ்கள். மாதம் ஒருமுறை போனிலிருந்து புதிய கோப்பை அனுப்புகிறாள், அதையும் கேசட்டில் ஏற்றி அலமாரியில் வைக்கிறேன்.